வகுப்பறையில் கைபேசி: ஒரு கருவி, ஒரு வகுப்பு

பெங்களூரின் தென்கிழக்கில், ஓசூர் சாலையை ஒட்டி அமைந்துள்ளது பொம்மனஹள்ளி. ஆடைத் தொழிற்சாலைகளிலும் பிற தொழிற்கூடங்களிலும் பணிபுரிவோர் பலர் வாழும் பகுதி இது. கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, இந்தி முதலிய மொழிகளை வீட்டில் பேசும் குழந்தைகள் இங்கே அருகருகே வளர்கின்றனர். இத்தகைய பகுதியில் ஒரு குடும்பத்திற்குக் கைபேசி ஒன்றே இருக்குமாயின், தாயோ தந்தையோ காலையில் வேலைக்குப் புறப்படும்போது அதுவும் உடன் சென்றுவிடும். கைபேசியைக் கல்விக் கருவியாகப் பயன்படுத்த விழையும் ஆசிரியர் முதற்கண் நினைவிற் கொள்ள வேண்டியது இதுவே.

பாடநூல்களில் அச்சிடப்பட்டுள்ள சதுரக் குறியீட்டை யாவரும் கண்டிருப்பர். 'க்யூஆர்' எனப்படும் இக்குறியீடு, மோட்டார் வண்டி உறுப்புகளைக் கணக்கிற் கொள்ளும் பொருட்டு, 1994-ஆம் ஆண்டில் ஜப்பானில் மசாஹிரோ ஹாரா என்னும் பொறியாளரின் குழுவினரால் உருவாக்கப்பட்டது. இதன் மூன்று மூலைகளிலுள்ள பெரிய சதுரங்கள், குறியீடு எத்திசையில் திரும்பியுள்ளது என்பதைக் கேமராவுக்கு உணர்த்துகின்றன. எஞ்சிய கறுப்பு வெள்ளைக் கட்டங்களில் செய்தி அடங்கியுள்ளது. செய்தியுடன் பிழை நீக்குவதற்குரிய உபரிக் குறிகளும் சேர்க்கப்படுவதால், அமைப்பின் தரத்திற்கேற்ப நூற்றுக்கு 7 முதல் 30 பங்கு வரை சிதைந்தாலும் அதனைப் படித்துவிட இயலும். மை பட்ட பழைய புத்தகத்திலும் குறியீடு பயன்படுவதன் காரணம் இதுவேயாகும்.

மத்திய அரசின் 'தீக்ஷா' என்னும் கல்வித் தளம் 2017-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அதற்கு அடிப்படையான 'சன்பர்ட்' என்னும் மென்பொருளை உருவாக்கியது பெங்களூரைச் சேர்ந்த எக்ஸ்டெப் நிறுவனமே. தமிழ்நாட்டில் 2018-ஆம் ஆண்டு வெளிவந்த புதிய பாடநூல்களிலும் இக்குறியீடுகள் இடம்பெற்றன. தீக்ஷாவின் குறியீட்டுக்குக் கீழே ஆறு எழுத்தும் எண்ணும் கொண்ட குறி ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். கேமரா பழுதுற்றிருப்பின் அதனைத் தட்டச்சு செய்தும் பாடத்தைப் பெறலாம்.

கருவியும் பாடமும் ஆயத்தமாக உள்ளன. ஆயினும் அவை குழந்தையின் கையை எட்டுகின்றனவா? 2021-ஆம் ஆண்டு நாட்டின் கிராமப்புறங்களில் எடுக்கப்பட்ட 'அசர்' கணக்கெடுப்பின்படி, பள்ளியிற் சேர்ந்த குழந்தைகளில் மூன்றில் இரு பங்கினரின் வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தது. அவ்வாறு இருந்த வீடுகளிலும் ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்கு அது பயன்படுத்தக் கிட்டவேயில்லை. ஆகவே, "நாளை கைபேசி கொண்டு வருக" என்றோ, "வீட்டில் பார்த்து வருக" என்றோ கூறுவது, ஒரு சாராரை வகுப்பிற்கு வெளியே நிறுத்துவதற்கு ஒப்பாகும்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஆசிரியரின் கைபேசி ஒன்றையே முழு வகுப்பிற்கும் கருவியாகக் கொள்வதே அது. இணைய வசதியுள்ள இடத்தில் முன்கூட்டியே பாடத்தைப் பதிவிறக்கம் செய்துகொண்டால், வகுப்பறையில் இணையம் தேவையில்லை. படக்காட்சியை இடையிடையே நிறுத்தி, "அடுத்து என்ன நிகழும்?" என்று வினவுதல் வேண்டும். விடையைக் குறிப்பேட்டில் எழுதச் செய்த பின்னரே காட்சியைத் தொடர்தல் நன்று.

கைபேசி காட்டும் பொருள் மட்டுமன்று, அளக்கும் கருவியுமாகும். ஓசூர் சாலை போன்ற போக்குவரத்து மிகுந்த சாலைக்கு அண்மையிலுள்ள பாடசாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒலியளவு காட்டும் செயலி ஒன்றைக் கொண்டு, ஜன்னல்கள் திறந்திருக்கும்போதும் மூடியிருக்கும்போதும் அளந்து, மாணாக்கரைக் கொண்டே அட்டவணை எழுதச் செய்யலாம். 10 டெசிபல் உயர்ந்தால் ஒலியின் செறிவு பத்து மடங்காகின்றது என்பதை அப்போது விளக்கலாம். கல்வி நிலையங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாகக் கொள்வதற்கும், பகலில் அங்கு ஒலி 50 டெசிபலுக்கு மேற்படலாகாது என்பதற்கும் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வகை செய்துள்ளன. கைபேசியின் ஒலிவாங்கி நுட்பமாகச் சரிபார்க்கப்பட்டதன்று. ஆதலின் அதன் அளவீட்டைக் கொண்டு விதி மீறப்பட்டது என முடிவு கட்டலாகாது. ஒரே கருவியால் எடுத்த அளவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுதலே பொருந்தும்.

எச்சரிக்கையும் தேவை. கைபேசியால் ஒருமுறை கவனம் சிதறிய மாணாக்கர் மீண்டும் பாடத்தில் மனம் ஊன்ற 20 நிமிடம் வரை ஆகலாம் என்று யுனெஸ்கோவின் 2023-ஆம் ஆண்டு அறிக்கை சுட்டுகின்றது. பாடம் தொடங்குமுன் அழைப்புகளையும் செய்தி ஒலிகளையும் நிறுத்தி வைத்தல் வேண்டும். பயன் முடிந்தவுடன் கருவியை மேசைக்குள் வைத்துவிடுதல் வேண்டும்.

கள அலுவலர்கள் பாடசாலைகளைப் பார்வையிடும்போது எத்தனை கைபேசிகள் உள்ளன என்று கணக்கெடுப்பதோடு அமையலாகாது. வீட்டில் கைபேசி இல்லாத குழந்தையின் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தல் வேண்டும். அன்றைய அட்டவணை அதிலும் நிறைவாக எழுதப்பட்டிருப்பின், அவ்வகுப்பில் கருவி தன் பணியைச் செய்தது எனக் கொள்ளலாம்.