கரி தின்ற பஸ்

வேப்பம்பட்டிலிருந்து பாடிக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்றுவரும் வாசகர் ஒருவர், சக்கரமும் பிரேக்கும் செய்கிற அவ்வூர்த் தொழிற்சாலைகள் பலவும் ஒரே குடும்பத்தோடு பிணைந்திருப்பது எவ்வாறு என்று வினவி எழுதியிருக்கிறார். வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் முதலிய ஸ்தாபனங்கள் 1960-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் எழுந்தவை என்பது அவருக்கே தெரிந்திருக்கும். ஆதலின் அவற்றுக்கு அரை நூற்றாண்டு முந்திய வேரைத் தேடித் தெற்கே செல்கிறேன்.

திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்து, வக்கீல் தொழில், ரயில்வே, பாங்கி என்று மூன்றையும் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் உதறிய, அக்குடும்பத்தின் மூலவரான டி. வி. சுந்தரம் ஐயங்கார், 1912-இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். பின்பு மதுரை அவருடைய தலைமையிடமாயிற்று. அவர் புதல்வி டாக்டர் சௌந்தரம், கணவர் ஜி. ராமச்சந்திரனுடன் 1947-இல் காந்திகிராமத்தை நிறுவியது தனிச் சரித்திரம். மதுரைப் பஸ்கள் 1972-இல் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தைச் சேர்ந்தன.

ஆனால் இந்த நீண்ட கதையில் என் மனம் லயிப்பது இரண்டாம் உலக யுத்த காலத்துக் கரி பஸ்ஸில்தான். பெட்ரோலுக்கு ரேஷன் வந்து, ஊர்தோறும் வண்டிகள் கொட்டகையில் முடங்கியபோது, சுந்தரம் ஐயங்காரின் கம்பெனி கரிவாயுக் கலத்தைத் தயாரித்து வெளியிட்டது. பஸ்ஸின் பின்புறம் நெட்டையாய் நின்ற அந்த இரும்பு உருளையின் தத்துவத்தை நான் கற்றது என் தாயாரின் கும்மட்டி அடுப்பில். கரி நன்றாகக் கனன்றபின் அதன் மேல் நீல நிறத்தில் மெல்லிய சுடர் ஆடுமே, அது கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு எரிவது. அடுப்பில் வீணே எரியும் அந்த வாயுவை, காற்றை அளந்து விட்டு எரியவொட்டாமல் தடுத்து, குளிரவைத்து, தூசி வடிகட்டி எஞ்சினுக்குள் அனுப்பியதே கரிவாயுக் கலம். உள்ளே போகும் காற்றில் பெரும்பகுதி எரியாத நைட்ரஜன். ஆகையால் வாயுவிலும் ஏறத்தாழப் பாதி அதுவே இருந்து, எஞ்சினின் வலு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இறங்கிவிடும். மேட்டில் பிரயாணிகள் இறங்கி நடக்க நேர்ந்ததற்கும், சில சமயம் தோள்கொடுத்துத் தள்ள நேர்ந்ததற்கும் காரணம் டிரைவரின் அசிரத்தையன்று, இந்த நைட்ரஜனே. விடியுமுன் எழுந்து கரி கொட்டி, சக்கரவிசிறியைச் சுழற்றிக் கனலேற்றி, சாம்பல் வாரி, கரி படிந்த முகத்தோடு பஸ்ஸின் பின்னால் நின்ற கிளீனருக்கு எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி கிடையாது என்பது எனக்கு மனவருத்தம்.

யுத்தம் ஓய்ந்து பெட்ரோல் தட்டின்றிக் கிடைக்கத் தொடங்கியதும் உருளைகள் கழற்றப்பட்டன. பழைய யந்திரம் என்றாலே காயலான் கடைக்கு எடைபோட்டுத் தள்ளுகிற நம் சுபாவத்தை என்னவென்பது! திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் எந்நேரமும் உலோகம் கடைகிற இத்தனை பட்டறைகள் இருக்க, அங்கே பயிலும் தொழிற்பயிற்சி மாணவர் சிலர் சேர்ந்தால், அப்படியொரு கலத்தை மீண்டும் செய்து, ஒரு பழைய எஞ்சினோடு பூட்டி ஓட்டிக்காட்டுவது அப்படியொன்றும் அசாத்தியமன்று. ஆனால் அதை மூட்டுவது வெட்டவெளியில் நடக்கட்டும். அந்த வாயு மணமற்ற நஞ்சு.