தீட்டுப்பட்ட கெர்னல்

ஒரு சில்லுக்கு விதிக்கப்படும் வரம்பு இயற்கை விதியல்ல. தயாரிப்பாளர் எழுதிய பிரதி அது. இதற்கு மேலே போகாதே, இதற்குக் கீழே இறங்காதே என்கிறது. இயங்குதளத்துக்கும் வன்பொருளுக்கும் நடுவில் நிற்கும் டிரைவர் அந்தப் பிரதியின் உரையாசிரியர். மூலத்தைக் காவல் காப்பதா, வாசகன் மாற்றி வாசிக்க இடம் விடுவதா? தமிழ் படித்த எனக்கு இது பழகிய சண்டைதான்.

பென்டியம் எம் சில்லுகளை எடுத்துக்கொள்வோம். 32 பிட் கணினியில் 4 ஜிபிக்கு மேற்பட்ட நினைவகத்தைக் கையாளும் பிஏஇ வசதி அவற்றில் சிலவற்றுக்குள் இருந்தது. ஆனால் கேட்டால், இல்லை என்று சொல்லிவிடும். பிஏஇ கேட்கும் கெர்னல்கள் அவற்றில் ஓட மறுத்தன. 2014இல் லினக்ஸில் ‘ஃபோர்ஸ்பிஏஇ’ என்றொரு சொல் சேர்க்கப்பட்டது. துவக்கும்போது அதைக் கொடுத்தால் கெர்னல் சில்லின் வாக்குமூலத்தைப் புறக்கணித்துவிட்டு ஓடும். கூடவே, விவரக்குறிப்புக்குப் புறம்பாக ஓடுகிறேன் என்று தன்மேல் ‘எஸ்’ குறி போட்டுக்கொள்ளும். மறுபடி துவக்கும்வரை அந்தக் குறி அழியாது.

இப்படிக் குறியிடுவதை ஆங்கிலத்தில் ‘டெயின்ட்’ என்கிறார்கள். தமிழில் தீட்டு. நம் ஊரில் இந்தச் சொல் ஆட்களை வெளியே நிறுத்தியது. இங்கேயோ உள்ளே விட்டுவிட்டு, நடந்ததைப் பதிவு செய்கிறது. ஆனாலும் பழைய அர்த்தம் முழுசாகச் செத்துவிடவில்லை. தீட்டுப்பட்ட கெர்னலிலிருந்து வரும் பிழைப் புகார் காதில் விழாமலே போகலாம்.

2024 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 6.7இல் ஏஎம்டி வரைகலை அட்டைக்கான டிரைவர், அட்டையிலேயே எழுதப்பட்ட குறைந்தபட்ச மின் அளவைக் கட்டாயமாக்கியது. அதுவரை சூட்டையும் மின்செலவையும் குறைக்க அதற்கும் கீழே இறக்கி வைத்திருந்தவர்கள் திகைத்துப்போனார்கள். மேல்வரம்பு சரி, அட்டை எரிந்துபோகும் என்ற பயம். கீழ்வரம்புக்கு என்ன பயம்? சோதித்துப் பார்த்த எல்லைக்கு வெளியே சில்லு தடுமாறலாம், பழி டிரைவர்மேல் விழும் என்பார்கள். நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்துக்கான பதில் ஏற்கனவே கையில் இருந்ததே! குறி போட்டுவிட்டு விட்டிருக்கலாம். அந்த வாசலை அந்த மாற்றத்தில் வைக்கவில்லை.

மூலநிரல் திறந்துதானே கிடக்கிறது, நீயே திருத்திக்கொள் என்று சொல்லலாம். அப்படியானால் மீறும் உரிமை நிரல் தெரிந்தவனுக்கு மட்டும். மற்றவன் காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு விருந்தாளி. பொறுப்பை என் தலையில் கட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன். என் பொருளை நான் வாசிக்கும் உரிமையையும் சேர்த்துப் பிடுங்காதீர்கள்.