பக்கம் மாறும் வேளை

நம் சங்கத்துக் குடும்பங்களிடையே அண்மைக் காலமாக ஒரு புதிய விளையாட்டுப் பரவி வருகிறது. பிக்கிள்பால் என்பது அதன் பெயர். பெயரைக் கேட்டவுடன் அன்பர்கள் ஊறுகாய்ச் சாடியை நினைத்துக்கொள்ள வேண்டாம். 1965-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த பெயின்பிரிட்ஜ் தீவில், விடுமுறையில் பொழுது போகாதிருந்த பிள்ளைகளுக்காகப் பெரியோர் கைக்குக் கிடைத்த மட்டைகளையும் துளையிட்ட பிளாஸ்டிக் பந்தையும் கொண்டு தொடங்கிய ஆட்டம் இது. களம் பாட்மிண்டன் இரட்டையர் களத்தின் அளவே: 44 அடி நீளம், 20 அடி அகலம். வலை மட்டும் தாழ்ந்தது. ஓரங்களில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம். ஆகவே கல்யாணில் நாம் குடியிருக்கும் பகுதியின் பழைய பாட்மிண்டன் களத்திலேயே, வலையை இறக்கிக் கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு ஆடத் தொடங்கினோம்.

முழங்கால் வலியுள்ள பெரியவரும் பள்ளிச் சிறுமியும் சேர்ந்து ஆடலாம் என்பது இதன் சிறப்பு. அத்தகைய ஆட்டத்தினால் சென்ற மாதம் இரண்டு வீடுகளுக்கிடையே பேச்சு நின்றுபோயிற்று. அதற்குக் காரணம் நாமே என்பதை மறைக்காமல் எழுதுகிறோம்.

நம் களம் கிழக்கு மேற்காக அமைந்தது. மாலையில் கீழ்ப்புறம் நிற்பவரின் கண்ணில் வெயில் நேராக விழும். ஆளுக்கோர் ஆட்டம் வென்றிருந்த இரு இணைகள் மூன்றாவது ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தன. புள்ளி எழுதும் பொறுப்பு நம்முடையது. மேல்புறத்தார் 6 புள்ளி எடுத்தபோது பக்கம் மாறச் சொல்லியிருக்க வேண்டும், நாம் அயர்ந்துவிட்டோம். 9-க்கு 5 என்று ஆனபின் கீழ்ப்புறத்தார் அதைக் கண்டுகொண்டு, ஆறுக்குப் பின் எடுத்த புள்ளிகள் செல்லா என்றனர். மற்றவர்கள், "இவ்வளவு நேரம் ஏன் பேசவில்லை?" என்றனர். சொல் தடித்தது, ஆட்டம் நின்றது. ஒரு வீட்டுத் தாய் வேலைக்குப் போகிறவர். அவருடைய மகன் பள்ளி விட்டு வந்ததும் மற்ற வீட்டில்தான் சாப்பிடுவான். மறுநாள் முதல் அவன் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தனியே வந்து, ஆறிய சோற்றைத் தானே போட்டு உண்டான். அதைக் கண்ட நமக்கு அன்று உணவு இறங்கவில்லை.

விதி எளியது. ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் இரு அணிகளும் பக்கம் மாற வேண்டும். மூன்றில் இரண்டு வென்றால் வெற்றி என்னும் போட்டியில், 11 புள்ளி கொண்ட மூன்றாம் ஆட்டத்தில் ஏதேனும் ஓர் அணி 6 எடுத்தவுடன் மாற வேண்டும். ஒரே ஆட்டமாக 15 புள்ளிக்கு ஆடினால் 8-இலும், 21-க்கு ஆடினால் 11-இலும் மாற வேண்டும். பாதியைத் தாண்டும் முதல் எண் என்று நினைவில் கொண்டால் போதும். மாறிய பின்னும் சர்வீஸ் யாரிடம் இருந்ததோ அவரே தொடர்வார்.

இதனை மற்றொரு மாற்றத்தோடு குழப்பிக்கொள்ளலாகாது. வழக்கமான புள்ளிமுறையில், சர்வீஸ் போடும் அணி ஒரு புள்ளி எடுத்தால் அவ்விருவரும் தமக்குள் வலம் இடம் மாறுவர். எதிரணியார் நின்ற இடத்திலேயே நிற்பர். தம் அணியின் புள்ளி இரட்டைப்படையாயின், ஆட்டத் தொடக்கத்தில் வலப்புறம் நின்றவர் வலப்புறத்திலேயே இருப்பார். ஒற்றைப்படையாயின் இடப்புறம் இருப்பார். இடம் சரியா என்று ஐயம் எழுந்தால் இக்கணக்கே தீர்க்கும்.

மாற மறந்தால் என்ன செய்வது? பாட்மிண்டன் விதி தெளிவாகச் சொல்கிறது: தவறு தெரிந்தவுடன், பந்து ஆட்டத்தில் இல்லாத வேளையில் மாற வேண்டும், எடுத்த புள்ளிகள் நிற்கும். இதனையே நம் களத்துக்கும் வழக்கமாகக் கொள்வதென்று முடிவு செய்தோம். ஆனால் முடிவுக்கு முன் செய்ய வேண்டியது ஒன்றிருந்தது. இரு வீட்டுக்கும் நாம் தனித்தனியே சென்று, "பிழை ஆடியவர்களுடையதன்று, எழுதியவனுடையது" என்று சொன்னோம். அதைச் சொல்ல நமக்குப் பதினான்கு நாள் பிடித்தது என்பதே வெட்கம். முதல் நாளே சொல்லியிருந்தால் அச்சிறுவன் தனியே உண்டிருக்க வேண்டியதில்லை.

வெயிலும் காற்றும் ஒருவர் பங்கிலேயே விழாதபடி காப்பதற்கே பக்கம் மாறும் விதி ஏற்பட்டது. சொந்த ஊரை விட்டு வந்து அண்டை வீட்டையே உறவாகக் கொண்டு வாழும் நமக்கு அதன் பொருள் எளிதில் விளங்கும். இப்போது நம் புள்ளிப் புத்தகத்தில் 6 என்னும் எண்ணுக்கு நேரே முன்கூட்டியே சிவப்பு மையால் கோடிட்டு வைத்திருக்கிறோம். அச்சிறுவனும் மீண்டும் அடுத்த வீட்டில் சூடான சோறு உண்கிறான்.