வெளிநாட்டுப் படிப்பு: விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் திருவண்ணாமலை மாணவர்கள் அறிய வேண்டியவை

வெளிநாட்டுப் படிப்புக்கான விசா விண்ணப்பத்தில் இணைக்கப்படும் ஒவ்வொரு தாளுக்கும் மாணவரே பொறுப்பு. விண்ணப்பத்தை ஏஜென்ட் நிரப்பி அனுப்பினாலும் சட்டத்தின் பார்வையில் விண்ணப்பதாரர் மாணவர்தான். பொய்யான ஆவணம் பிடிபட்டால் கனடா ஐந்து ஆண்டுகள் நுழைவைத் தடுக்கும். பிரிட்டனில் தடை பத்து ஆண்டுகள் வரை போகலாம். அமெரிக்காவில் அது வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடும். ஏஜென்ட் அடுத்த ஊரில் வேறு பெயரில் அலுவலகம் திறந்துவிடலாம். மாணவரின் பெயரும் பாஸ்போர்ட்டும் மாறுவதில்லை. ஆகவே எந்த ஆவணத்தையும் தானே சரிபார்ப்பதுதான் ஆயத்தத்தின் முதல் வேலை.

ஏஜென்டுக்கு என்ன அங்கீகாரம்?

துணைத் தூதரகங்களும் விசா மையங்களும் சென்னையில் இருப்பதாலும், வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெறுவோர் பலருக்கு வழிகாட்ட ஆள் இல்லாததாலும், ஆரணி, செய்யாறு, போளூர், செங்கம் பகுதி மாணவர்கள் கன்சல்டன்சியை நாடுகிறார்கள். பல்கலைக்கழகத்துக்கும் விசாவுக்கும் மாணவரே நேரடியாக விண்ணப்பிக்கலாம், இடைத்தரகர் கட்டாயமில்லை.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவோர் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு பெற வேண்டும். படிப்புக்கு அனுப்பும் கன்சல்டன்சிகள் அந்தப் பதிவு முறைக்குள் வருவதில்லை. 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்ற பலகையைக் கண்டால், எந்தச் சட்டப்படி, எந்தப் பணிக்கு என்று கேட்க வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு தரத்துக்கான சான்று அல்ல. பல கன்சல்டன்சிகள் கல்லூரிகளிடம் கமிஷன் பெறுகின்றன. அவை பரிந்துரைக்கும் கல்லூரி மாணவருக்குப் பொருந்துமா என்பதைத் தனியே பார்க்க வேண்டும்.

பணம் கட்டும் முன் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும். என்ன சேவை, எவ்வளவு கட்டணம், விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பவை அதில் இருக்க வேண்டும். கன்சல்டன்சி கட்டணத்தை வங்கி வழியாகச் செலுத்தி ரசீது பெற வேண்டும். கல்லூரிக் கட்டணம் கல்லூரியின் கணக்குக்கே நேராகச் செல்ல வேண்டும். விண்ணப்பத்தில் தரும் மின்னஞ்சலும் அதன் பாஸ்வேர்டும் மாணவரிடமே இருக்க வேண்டும். அசல் சான்றிதழையோ பாஸ்போர்ட்டையோ பிணையாகப் பிடித்துவைக்க ஏஜென்டுக்கு உரிமை இல்லை. 1967-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து. அதை முடக்கும் அதிகாரம் பாஸ்போர்ட் அதிகாரிக்கு உரியது.

பெயரும் சான்றிதழும்

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு அதிகச் சிக்கல் தருவது இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் ஓரெழுத்தாக நிற்கும் தந்தை பெயர் பாஸ்போர்ட்டில் விரித்து எழுதப்படும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் அது குடும்பப் பெயராகப் பதிவாகி, முதற்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' (முதற்பெயர் தெரியவில்லை) என்று அச்சாகும். பாஸ்போர்ட், ஆங்கிலத் தேர்வு, கல்லூரி விண்ணப்பம், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் பெயர் ஒரே வடிவில் இருக்கிறதா என்பதைத் தொடக்கத்திலேயே பார்த்துவிட வேண்டும். திருவண்ணாமலை மாவட்டம் சென்னை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது.

டிரான்ஸ்கிரிப்ட் எனப்படும் மதிப்பெண் தொகுப்பைத் தருவது பல்கலைக்கழகம். மாவட்டத்தின் அரசு கலைக் கல்லூரிகளில் படித்தவர்கள் வேலூர் அருகே சேர்க்காட்டிலுள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்திலும், இணைப்புப் பொறியியல் கல்லூரிகளில் படித்தவர்கள் அண்ணா பல்கலைக்கழகத்திலும் விண்ணப்பிக்க வேண்டும். சில நாடுகள், ஆவணம் உண்மையானது என்பதற்கான அபோஸ்டில் முத்திரை கேட்கும். மாநில அரசின் சான்றொப்பம் பெற்ற பிறகு வெளியுறவு அமைச்சகம் இதை வழங்குகிறது. ஜெர்மனிக்குச் செல்வோருக்கு 2022 நவம்பர் முதல், கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரப்படும் ஏ.பி.எஸ். சான்றிதழும் கட்டாயமாகியுள்ளது.

கல்லூரி உண்மையானதா?

வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அனுமதி பெற்ற கல்லூரிகளின் பட்டியலைப் பல நாடுகள் வெளியிடுகின்றன: கனடாவில் டி.எல்.ஐ. பட்டியல், ஆஸ்திரேலியாவில் கிரிகோஸ் பதிவேடு, பிரிட்டனில் உரிமம் பெற்ற ஸ்பான்சர்கள் பட்டியல், அமெரிக்காவில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் பட்டியல். இவற்றில் இல்லாத கல்லூரியை அங்கேயே விட்டுவிட வேண்டும்.

பட்டியலில் இருப்பது மட்டும் போதாது. கலிபோர்னியாவின் டிரை-வேலி பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அனுமதி பெற்றிருந்தது. 2011 ஜனவரியில் அது மோசடி நிறுவனம் என்று மூடப்பட்டபோது நூற்றுக்கணக்கான இந்திய மாணவர்கள் விசா நிலையை இழந்தார்கள். சிலருடைய கால்களில் கண்காணிப்புக் கருவி பூட்டப்பட்டது. மிச்சிகனின் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகத்தை விசா மோசடியைப் பிடிப்பதற்காக அமெரிக்க அதிகாரிகளே நடத்தினார்கள். 2019-இல் அது வெளிப்பட்டபோது முதலில் கைதான 130 மாணவர்களில் 129 பேர் இந்தியர்கள். வகுப்புக்குப் போக வேண்டாம், முதல் நாளிலிருந்தே முழுநேர வேலை பார்க்கலாம் என்று சொல்லும் கல்லூரி எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஆபத்தானது.

சேர்க்கைக் கடிதமே போலியாகவும் இருக்கலாம். 2023-இல் பெரும்பாலும் பஞ்சாபைச் சேர்ந்த இந்திய மாணவர்கள் கனடாவிலிருந்து வெளியேற்றப்படும் நிலைக்கு ஆளானார்கள். அந்நாட்டில் தரையிறங்கிய பிறகு, சேர்ந்த கல்லூரியில் இடம் இல்லை, வேறொன்றில் சேருங்கள் என்று ஏஜென்ட் சொன்னதை அவர்கள் நம்பியிருந்தார்கள். கடிதம் போலி என்பது பல ஆண்டுகள் கழித்து நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது தெரிந்தது. 2023 டிசம்பர் 1 முதல் ஒவ்வொரு கடிதத்தையும் கனடா அரசு கல்லூரியிடமே உறுதிசெய்கிறது. மாணவரும் கல்லூரியின் அதிகாரபூர்வ இணையதளத்தில் உள்ள முகவரிக்கு எழுதி, தன் சேர்க்கை எண்ணை உறுதிசெய்துகொள்ளலாம். அதற்குச் செலவில்லை.

பணம்

வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருப்பதை மாணவர் காட்ட வேண்டும். ஜெர்மனி 'பிளாக்டு அக்கவுண்ட்' எனப்படும் முடக்கக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ கேட்கிறது. கியூபெக் நீங்கலான கனடாவில் 2025 செப்டம்பர் முதல் 22,895 கனடா டாலர். பிரிட்டன் கேட்கும் தொகை தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருந்திருக்க வேண்டும். இத்தொகைகள் அடிக்கடி மாறுவதால் விண்ணப்பிக்கும் மாதத்தில் அந்நாட்டு அரசின் தளத்தில் பார்க்க வேண்டும். ஏஜென்ட் சில நாட்களுக்குக் கணக்கில் பணம் போட்டுக் காட்டுவது பொய்த் தகவல். அதோடு, அங்கே சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் அந்தப் பணம் உண்மையிலேயே தேவைப்படும்.

கல்விக்கடனுக்கு வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பிக்கலாம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி ரூ.7.5 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை தொடங்காது. ரூ.7.5 லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு விவசாய நிலத்தை ஏற்க வங்கிகள் தயங்குவது இம்மாவட்டக் குடும்பங்களைப் பாதிக்கிறது. கடன் தவறினால் விவசாய நிலத்தைக் கடன் மீட்புக்கான சர்ஃபேசி சட்டத்தின் கீழ் கைப்பற்ற முடியாது என்பது அதற்குக் காரணம். அந்த இடைவெளியில் கந்துவட்டிக்குப் போகாமல் இருப்பது முக்கியம். அதீத வட்டி வசூலிப்பது தமிழ்நாட்டில் 2003 முதல் குற்றம்.

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் கடனுக்கு முன் உதவித்தொகையைப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ரூ.36 லட்சம் வரை தருகிறது. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள் உள்ளன. பழங்குடியினர் நல அமைச்சகம் தனியே 20 பேருக்குத் தருகிறது. ஜவ்வாது மலையின் பழங்குடி மாணவர்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம். ஜாதி, வருமானச் சான்றிதழ்களை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே பெற்றுவைக்க வேண்டும்.

மருத்துவப் படிப்பு

வெளிநாட்டில் மருத்துவம் படித்து இந்தியாவில் பணியாற்ற, நீட் தகுதி கட்டாயம். 2021 நவம்பரில் வந்த தேசிய மருத்துவ ஆணைய விதிகளின்படி படிப்பு குறைந்தது 54 மாதங்கள் இருக்க வேண்டும். அதே நிறுவனத்தில் 12 மாத இன்டர்ன்ஷிப் வேண்டும். பாடமொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும். அந்நாட்டிலேயே மருத்துவராகப் பதிவு பெறும் தகுதியை அந்தப் பட்டம் தர வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பட்டம் இங்கே பயன்படாமல் போகலாம். 'நீட் இல்லாமலே டாக்டர்' என்ற விளம்பரத்தை நம்பக் கூடாது.

அங்கே போன பிறகு

இந்திய அரசின் 'மதத்' (MADAD) இணையதளத்தில் மாணவராகப் பதிவுசெய்தால் ஆபத்துக் காலத்தில் தூதரகம் தொடர்புகொள்ள முடியும். வேலை நேர வரம்பைத் தாண்டினால் விசா பறிபோகலாம்: கனடாவில் வகுப்பு நாட்களில் கல்லூரிக்கு வெளியே வாரம் 24 மணி நேரம், ஆஸ்திரேலியாவில் இரு வாரங்களுக்கு 48 மணி நேரம். கல்லூரி மூடப்பட்டால் ஆஸ்திரேலியாவில் கட்டணப் பாதுகாப்புச் சேவை மாற்று இடமோ பணமோ பெற்றுத்தரும். தமிழர்களுக்கு அயலகத் தமிழர் நலத் துறையும் உதவுகிறது.

ஏமாற்றப்பட்டால்

பணம் இணையவழியில் பறிபோனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை முடக்கும் வாய்ப்பைக் குறைக்கும். ஏமாற்றுதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவின்படி குற்றம். காவல் நிலையத்தில் அல்லது மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் தரலாம். வழக்குப் பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம். அதன்பின் மாஜிஸ்திரேட்டை அணுகலாம். வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் குறைதீர்வுக் கூட்டத்திலும் மனு தரலாம்.

கன்சல்டன்சி கட்டணத்தைத் திரும்பப் பெற மாவட்ட நுகர்வோர் ஆணையம் உண்டு. கன்சல்டன்சி சென்னையில் இருந்தாலும் மாணவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். கால வரம்பு இரண்டு ஆண்டுகள். கொடுத்த தொகை ரூ.5 லட்சத்துக்குள் இருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் ஆலோசனை பெறலாம். கல்விக்கடன் புகாருக்கு வங்கி 30 நாட்களில் தீர்வு தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். உதவி எண் 14448. பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் வருமான வரம்பின்றி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞரைப் பெறலாம், எண் 15100.

வெளிநாட்டில் இருக்கும்போது ஆவணம் போலி என்று தெரிந்தால் மறைக்காமல் அந்நாட்டு வழக்கறிஞர் வழியாகக் குடியேற்றத் துறையிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். 2023-இல் கனடா ஒவ்வொரு மாணவரின் வழக்கையும் தனித்தனியே ஆராய்ந்து, மோசடியில் பங்கில்லாதவர்கள் தங்க அனுமதிப்பதாக அறிவித்தது. அத்தகைய விசாரணையில் மாணவருக்குத் துணை நிற்பவை ஏஜென்டுடன் நடந்த மின்னஞ்சல்கள், வாட்ஸ்அப் செய்திகள், ரசீதுகள், ஒப்பந்தம். படிப்பு முடிந்து வேலையில் நிலைபெறும் வரை இவற்றை அழிக்காமல், ஒரு பிரதியைப் பெற்றோரிடமும் விட்டுச்செல்ல வேண்டும்.