நிலமும் அஸ்திவாரமும் – 12: சுவர் உடையவில்லை, வீடு சாய்ந்தது

1964 ஜூன் 16, பிற்பகல் ஒரு மணி. ஜப்பானின் நீகாத்தா நகரத்தை 7.5 அளவு நிலநடுக்கம் உலுக்கியது. ஷினானோ ஆற்றோரம் கவாகிஷிச்சோவில் வரிசையாக நின்ற நான்கு தளக் குடியிருப்புகளில் சில மண்ணுக்குள் அமிழ்ந்தன, சில சாய்ந்தன. ஒன்று ஏறக்குறைய மல்லாந்தே விட்டது. ஆனால் காங்கிரீட் சட்டகம் நொறுங்கவில்லை. கட்டியவர்களின் வேலையில் குறை காண முடியாது. அடியில் கிடந்த மணல்தான் கைவிட்டது.

படியில் நெல்லைத் தட்டி நிரப்பினால் இன்னும் ஒரு கை பிடிக்குமே, தளர்ந்த மணலும் அப்படித்தான். குலுங்கியதும் நெருங்கிப் படியப் பார்க்கும். இடுக்குகளில் நிறைந்திருக்கும் நீர் அந்த நொடியில் வெளியேற வழியில்லாமல், எடையைத் தானே தாங்கத் தொடங்கும். மணிகளுக்கு இடையிலான பிடி போய்விடும். அவ்வளவு நேரமும் கெட்டியாக நின்ற தரை, குழம்பாகிவிடும்.

மணல் எவ்வளவு தளர்ந்தது என்று காலால் மிதித்துப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. போர் போட்டு, 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாயை 45 செ.மீ. இறக்குவார்கள். முதல் 15 செ.மீ.யை விட்டுவிட்டு, மீதி 30 செ.மீ.க்கு எத்தனை அடி விழுந்தது என்று எண்ணுவதுதான் 'என் வேல்யூ'. பத்துக்குக் கீழே என்றால் தளர்ந்த மணல், நான்குக்குக் கீழே மிகத் தளர்ந்தது. முப்பதைத் தாண்டினால் நிம்மதி.

தளர்ந்த மணலைத் திருத்த முடியும். அதிரும் உருளையை நீர்ப் பீய்ச்சலோடு ஆழத்தில் இறக்கி, சுற்றியுள்ள மணலைக் குலுக்கி நெருக்குவது ஒரு முறை. பள்ளம் விழ விழ மேலிருந்து மணலோ சரளையோ கொட்டுவார்கள். ஜெர்மனியில் 1930களில் பிறந்த உத்தி இது. நீகாத்தாவிலேயே இப்படி நெருக்கிய நிலத்தில் நின்ற எண்ணெய்த் தொட்டிகள் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை.

இன்னும் தெளிவான சாட்சி டோக்கியோவுக்குப் பக்கத்தில் உள்ள உராயாசு. கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் தெருக்களில் மணலும் நீரும் பீறிட்டன, மேன்ஹோல்கள் மேலே எழும்பின, ஆயிரக்கணக்கான தனி வீடுகள் பாதிக்கப்பட்டன. அதே நிலத்தில் இருக்கும் டிஸ்னிலாண்ட் பூங்காவின் உட்பகுதி தப்பியது; அங்கே மண்ணை முன்கூட்டியே கெட்டிப்படுத்தியிருந்தார்கள். கெட்டிப்படுத்தாமல் விட்ட வாகன நிறுத்துமிடத்தில் மணல் பொங்கியது. ஒரே நிலநடுக்கம், ஒரே மண்!

ஆனால் எல்லா மணலுக்கும் இந்த அதிர்வு முறை செல்லாது. வண்டல் மிகுந்தால் அதிர்வு வேலை செய்யாது, கல்தூண் போன்ற வேறு வழி தேட வேண்டும். வானம் தோண்டி மணலடித்துத் தண்ணீர் விடுவதை மட்டும் நம்புவதும் ஆபத்து. அது மேல்படலத்தோடு நின்றுவிடும், ஆழத்தில் தளர்ந்த அடுக்கை அது தொடாது.

கடலோர மணலில் வீடு கட்டப் போகிறவர்கள், வரைபடம் போடுவதற்கு முன்பே மண் டெஸ்ட் செய்துவிடுங்கள். அறிக்கை கைக்கு வந்ததும் ஒவ்வொரு ஆழத்துக்கும் 'என் வேல்யூ' என்ன, மழைக்காலத்தில் நிலத்தடி நீர் எதுவரை ஏறும் என்ற இரண்டையும் பொறியாளரிடம் கேட்டு, அஸ்திவாரத்தை அதன் பிறகே முடிவு செய்யுங்கள்.