நெல்லின் வேரடி நுண்ணுயிர்கள்

மீரியபெத்தவைச் சூழ்ந்த தேயிலைச் சரிவுகளில் வாழும் தோட்டக் குடும்பங்கள் அரிசியைக் கடையில் வாங்கியே உண்கின்றன. மலைக்குக் கீழே, வெல்லவாயப் பக்கத்து வயல்களில் நெல் குன்றினால் அதன் சுமை இவர்களுடைய அடுப்பங்கரைக்கும் வந்து சேரும். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கிற்று. ஆயினும் அந்தப் பெரும்போகத்தில் விளைச்சல் வீழ்ந்தது. அரிசி விலை ஏறிற்று. யூரியாவின் இடத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நிரப்புமா?

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைதரசன். நெற்பயிரால் அதனை நேரே உட்கொள்ள இயலாது. அசோஸ்பைரில்லம் என்னும் பற்றீரியா வேரைச் சுற்றி வாழ்ந்து, அந்த நைதரசனிற் சிறிதளவைப் பயிருக்கேற்ற உருவில் மாற்றித் தருகிறது. அதனினும் பெரிய உதவி, அது சுரக்கும் வளர்ச்சிப் பொருள். அதனால் வேர் கிளைத்துப் பரவுகிறது. பரவிய வேர் நீரையும் இட்ட பசளையையும் கூடுதலாக உறிஞ்சுகிறது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கூறும் முறை எளியது. ஒரு ஹெக்டேயருக்குரிய நாற்றின் வேர்களை, 1 கிலோ நுண்ணுயிர்ப் பொடி கரைத்த 40 லீற்றர் நீரில் 15 முதல் 30 நிமிடம் வரை நனைத்து நடவேண்டும். பொடியில் இருப்பவை உயிர்கள் என்பதை மறத்தலாகாது. வெயிலிற் கிடந்த பொதியில் எஞ்சுவது வெறுந்தூளே. விற்போரும் வாங்குவோரும் இதனைக் கவனிப்பது அரிது. இரசாயனப் பசளையோடு கலந்து வைத்தாலும் அவை மடியும்.

இம்முறையால் நைதரசன் பசளையில் ஒரு பங்கை, அதிகமாயின் காற்பங்கை, மிச்சப்படுத்தலாம். எஞ்சிய முக்காற்பங்கைத் தொழுவுரம், பசுந்தாட்பசளை, யூரியா ஆகியவற்றிலிருந்தே வயல் பெறவேண்டும்.