கம்பி அறுந்த பின் குடிதண்ணீர்

ஐப்பசி, கார்த்திகையில் புயல் வரும். புயல் வந்தால் மின்சாரம் போகும். நமது கடற்கரை ஜில்லாக்களில் குழந்தைகளும் அறிந்த விஷயம் இது. ஆயினும் வீடு இருண்டுவிடுமே என்ற ஒரு கவலைதான் நம்மவர்களுக்கு உண்டு. இரண்டு கட்டு மெழுகுவத்தி வாங்கி வைத்ததும் கடமை தீர்ந்ததென்று உறங்கப் போகின்றனர். இருளைப் பொறுத்துக்கொள்ளலாம், தாகத்தைப் பொறுக்கலாகுமா?

2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி, பொழுது விடியுமுன், கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறிற்று. தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை முதலிய ஜில்லாக்களில் 80,000-க்கு மேற்பட்ட மின்சாரக் கம்பங்கள் வீழ்ந்தன. பட்டணங்களுக்கு வெளிச்சம் முந்தி வந்தது. உட்கிராமங்களோ வாரக்கணக்கில் காத்துக் கிடந்தன.

அக்கிராமங்களில் ஜனங்கள் முதலில் தேடியது தண்ணீரை. காரணம் வெளிப்படை. ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து ஊர்த் தொட்டிக்கு நீரேற்றுவது மின்சார மோட்டார். மோட்டார் நின்றது, தொட்டி காலியாயிற்று, தெருக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. சுற்றிலும் வெள்ளம், குடிக்க ஒரு குடமில்லை! கயிறும் ராட்டினமுமாகக் கிணற்றில் இறைத்த காலத்தில் எந்தப் புயலும் இந்தக் கொடுமையைச் செய்ய முடியவில்லை. கிணற்றைத் தூர்த்துவிட்டுக் கம்பியை நம்பினோம். இதற்கு நாகரிகம் என்று பெயர்.

பிறகு நடந்ததென்ன? டீஸல் ஜெனரேட்டர்கள் வண்டியேறி வந்தன. மணிக்கு இவ்வளவு வாடகை என்று பேசி, பணமுள்ளவர்கள் தங்கள் தொட்டியை நிரப்பிக்கொண்டனர். செல்போனுக்கு மின்சாரம் ஏற்றவும் காசு கேட்டார்கள். கூலி ஜனங்களோ காலிக் குடங்களுடன் சாலை மறியல் செய்தனர். அவர்களைக் குறைகூற யாருக்கு வாய் உண்டு?

ஜெனரேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. மெயின் ஸ்விட்சை அணைக்காமல் அதை வீட்டுக் கம்பியில் இணைப்பது கொலைக்குச் சமானம். மின்சாரம் பின்னோக்கிச் சென்று தெருக் கம்பியில் ஏறும். சேற்று வயலில் கம்பத்தைத் தோளில் சுமந்து வந்து, நமக்காக மேலேறிய தொழிலாளியை அது கொல்லும். அதை அடைத்த அறையில் ஓட்டுவதும் ஆகாது. நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயு உறங்குபவரை உறக்கத்திலேயே முடித்துவிடும். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்ஸாஸில் கடுங்குளிரிடையே மின்சாரம் நின்றபோது, ஜெனரேட்டரையும் கரியடுப்பையும் வீட்டுக்குள் வைத்துப் பலர் இவ்வாறே மாண்டனர். செல்வம் மிகுந்த தேசத்தின் கதி இதுவென்றால் நாம் எவ்வளவு எச்சரிக்கையாயிருக்க வேண்டும்!

புயலெச்சரிக்கை கேட்டதும் அண்டா, தவலை, குடம் யாவற்றிலும் நீர் பிடித்து மூடி வைப்பது வீட்டாரின் வேலை. ஊர்த் தொட்டிக்கென்று ஒரு ஜெனரேட்டரும் அதற்கு வேண்டிய எண்ணெயும் சித்தமாக வைத்திருப்பது சர்க்காரின் வேலை. புயலுக்குப் பின் மந்திரிகள் வந்து பார்ப்பதைவிட இதற்குச் செலவு குறைவு. பிடியுடைந்த கைப்பம்புகளைப் பழுதுபார்க்கவோ சொற்பத் தொகையே போதும்.

ஐப்பசி பிறக்குமுன் கிராம ஊழியர்கள் தத்தம் ஊர்க் கைப்பம்பை அடித்துப் பார்க்கட்டும். தண்ணீர் வராவிடில், நாலுபேரைக் கூட்டிக்கொண்டு அன்றே பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக்கு நடக்கட்டும்.